வஹீயும் 'வெளிப்பாடு'ம்: இறைவன் தன்னை அறிவிப்பது பற்றிக் கிறிஸ்தவர்கள் நம்புவது

கிழக்கிலே கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்றும் அவர்களுடைய தேவாலயத்தை 'வேதக்கோயில்' என்றும் சொல்வது பழைய வழக்கம். வயதானவர்களின் வாயில் இன்றும் அந்தச் சொல் வரும். நமக்கு அது காதில் விழுந்ததும் 'அஹ்லுல் கிதாப்' நினைவுக்கு வந்துவிடுகிறது. மூஸா (அலை) அவர்களுக்குத் தவ்றாத், தாவூத் (அலை) அவர்களுக்கு ஸபூர், ஈஸா (அலை) அவர்களுக்கு இன்ஜீல் என்று குர்ஆன் மத்ரஸாவில் பாயில் உட்கார்ந்த நாளிலேயே மனப்பாடமாகிவிட்ட வரிசை அது. ஆகவே வேதக்காரர் என்றால், நமக்கு குர்ஆன் இறங்கியது போல அவர்களுக்கும் ஒரு வேதம் இறங்கியதாக நம்புகிறவர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம்.

நான் இஸ்லாம் பாடம் நடத்திய வருடங்களில் அநேகமாக ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும்: "சேர், ஈஸா நபிக்கு இறங்கினது ஒரு இன்ஜீல்தானே? அவங்கட பைபிள்ல நாலு இருக்கு எண்டு சொல்றாங்க. அப்ப மத்த மூணும் எங்கால வந்தது?"

நல்ல கேள்வி. தஹ்ரீஃப், அதாவது முந்திய வேதங்கள் மாற்றப்பட்டமை பற்றி நமது உலமாக்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். எழுத்தே மாற்றப்பட்டது என்றவர்களும் உண்டு, பொருள்தான் திரிக்கப்பட்டது என்றவர்களும் உண்டு. அது நமது நம்பிக்கையின் பக்கம் நின்று சொல்லும் பதில். ஆனால் இதே கேள்வியை ஒரு கிறிஸ்தவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் கோபப்படமாட்டார், கேள்வியே விளங்காமல் விழிப்பார். "இயேசுவுக்குப் புத்தகம் இறங்கினது எண்டு நாங்க எப்ப சொன்னோம்?" என்பார். அந்த இடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் நடந்ததும், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் நடந்ததும் இந்தக் கரையோரத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதற்குப் பிறகு நல்லிணக்கக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்று பேசிவிட்டு, பிஸ்கட்டும் தேநீரும் எடுத்துக்கொண்டு கலைவோம். எல்லா மதமும் ஒன்றைச் சொல்லவில்லை. பக்கத்து வளவில் இருப்பவர் உண்மையில் என்ன நம்புகிறார் என்று தெரிந்துகொண்டு அவரோடு உடன்படாமல் இருப்பது, தெரியாமல் உடன்படுவதைவிட மரியாதையானது என்பது என் எண்ணம்.

முதலில் நம்முடையதை வைத்துக்கொள்வோம். அல்லாஹ் மனிதனோடு பேசுவது மூன்று விதம் என்று ஸூறா அஷ்ஷூறாவின் 51ஆம் வசனம் கூறுகிறது: வஹீயாக, திரைக்கு அப்பாலிருந்து, அல்லது ஒரு தூதரை அனுப்பி. குர்ஆன் ஜிப்ரீல் (அலை) வழியாக ஏறக்குறைய 23 ஆண்டுகளில் இறங்கியது. கருத்தும் சொல்லும் இரண்டுமே அல்லாஹ்வுடையவை. நபி (ஸல்) அவர்கள் அதில் ஓர் எழுத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இங்கே இறைவன் அறிவிப்பது தனது கட்டளையை, வாக்குறுதியை, எச்சரிக்கையை, தனது திருநாமங்களையும் பண்புகளையும். அவனுடைய 'தாத்' எனும் உள்ளமை படைப்பின் அறிவுக்கு எட்டாதது. அல்லாஹ்வை முழுமையாக அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்பதை இமாம் கஸ்ஸாலி, அஸ்மாஉல் ஹுஸ்னா பற்றிய தமது நூலில் வலியுறுத்துகிறார்.

கிறிஸ்தவர்கள் 'வெளிப்பாடு' என்று சொல்லும்போது வேறொன்றைச் சொல்கிறார்கள். திரையை விலக்குதல் என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள். விலக்கிக் காட்டப்படுவது செய்தி மட்டுமல்ல, இறைவனே தன்னைக் காட்டுகிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. புதிய ஏற்பாட்டில் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் தொடக்கத்தில் இதன் சாரம் இருக்கிறது: முற்காலத்தில் இறைவன் நபிமார் மூலம் பலமுறை, பலவிதமாகப் பேசினான், இறுதியில் தன் குமாரன் மூலம் பேசினான் என்று. அதாவது கடைசி வெளிப்பாடு நூல் அல்ல, ஓர் ஆள். அவர் பிறந்தது, பேசியது, நோயாளியைத் தொட்டது, அவர்கள் நம்பிக்கையின்படி சிலுவையில் இறந்தது, உயிர்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் வெளிப்பாடு. "இயேசு என்ன செய்தியைக் கொண்டுவந்தார்?" என்று நாம் கேட்டால், "அவர்தான் செய்தி" என்று அவர்கள் சொல்வது பேச்சு அலங்காரம் அல்ல.

யோவான் சுவிசேஷத்தின் முதல் அத்தியாயம் இதற்கு வைத்திருக்கும் சொல் 'லோகோஸ்'. புரட்டஸ்தாந்துத் தமிழ் பைபிள் அதை 'வார்த்தை' என்கிறது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பு 'வாக்கு' என்கிறது. அந்த வார்த்தை மாமிசமானது என்பது அவர்களது மையக் கோட்பாடு. ஆலஇம்றான் 45ஆம் வசனத்திலும் அந்நிஸா 171ஆம் வசனத்திலும் ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் 'கலிமா' என்று அழைக்கப்படுவது நமக்குத் தெரியும். சில கிறிஸ்தவப் பிரசாரகர்கள் இதைக் காட்டி, "பாருங்கள், உங்கள் குர்ஆனே ஒப்புக்கொள்கிறது" என்பார்கள். அது சரியல்ல. 'குன்' என்ற சொல்லால் தந்தையின்றிப் படைக்கப்பட்டவர் என்பதே அதற்கு முஃபஸ்ஸிர்கள் தரும் விளக்கம். ஆதம் (அலை) அவர்களோடு ஒப்பிடும் ஆலஇம்றான் 59 அதற்குத் துணை நிற்கிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

ஆகவே குர்ஆனையும் பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே அடிப்படையில் பிசகு. லாகூரில் சில காலம் கற்பித்த கனேடிய ஆய்வாளர் வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். இஸ்லாத்தில் குர்ஆன் இருக்கும் இடத்தில் கிறிஸ்தவத்தில் இருப்பது பைபிள் அல்ல, இயேசு. பைபிள், குறிப்பாகச் சுவிசேஷங்கள், இருக்கும் இடம் வேறு.

இந்த ஒப்பீடு எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு வியப்பான சாட்சி உண்டு. கி.பி. 325இல் நிக்கேயா என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். அலெக்ஸாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு, அந்த 'வார்த்தை' படைக்கப்பட்டதுதான், அது இல்லாத ஒரு நிலை இருந்தது என்று போதித்து வந்தார். சபை அதை மறுத்து, வார்த்தை படைக்கப்பட்டதல்ல என்று தீர்மானித்தது. அதிலிருந்து ஐந்து நூற்றாண்டு கழித்து, ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833), பக்தாதில் கலீபா மஃமூனின் ஆணைப்படி உலமாக்களைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்கப்பட்டது: குர்ஆன் படைக்கப்பட்டதா, இல்லையா? படைக்கப்பட்டது என்பது முஃதஸிலாக்களின் கொள்கை. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அதை ஏற்க மறுத்துச் சிறையும் சவுக்கடியும் பட்டார். பின்னர் அஷ்அரிகள், அல்லாஹ்வின் பண்பாகிய கலாம் படைக்கப்படாதது, நம் நாவின் ஓசையும் தாளும் மையும் படைக்கப்பட்டவை என்று பிரித்து விளக்கினார்கள். அகீதா கிதாப் ஓதியவர்களுக்கு இது பழக்கமான பாடம். இறைவனின் பேச்சு நித்தியமானதா என்ற கேள்வி இரண்டு சமுதாயத்தையும் உலுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் ஓர் ஆளைப் பற்றி, மறுபக்கம் ஒரு வேதத்தைப் பற்றி. ஆனால் நாம் யாரும் முஸ்ஹஃபை வணங்குவதில்லை. கலாம் அல்லாஹ்வின் பண்பு. அது மனித உருவெடுத்தது என்று தவ்ஹீத் ஒருபோதும் ஏற்காது. ஒப்பீடு அந்த எல்லையோடு நின்றுவிடுகிறது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. சுவிசேஷம் ஏன் நாலு? ஒரு சம்பவத்துக்கு நாலு சாட்சி இருப்பது போல என்பதுதான் கிறிஸ்தவரின் பதில். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நூல்கள் இயேசுவுக்கு இறங்கியவை என்று எந்தத் திருச்சபையும் சொல்லவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை அவை. லூக்கா தன் நூலை ஆரம்பிக்கும்போதே, தனக்கு முன் பலர் எழுதியிருப்பதையும், தான் எல்லாவற்றையும் விசாரித்து ஒழுங்காக எழுதுவதையும் கூறுகிறார். வஹீயைப் பெற்றவர் இப்படி எழுதமாட்டார். விபரம் திரட்டுகிறவர் எழுதும் பாணி அது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அத்தியாயத்தில் பவுல், இது ஆண்டவருடைய கட்டளை, இது என் சொந்தக் கருத்து என்று பிரித்தே சொல்கிறார். இன்னொன்று: ஈஸா (அலை) பேசியது அறமேயம், சுவிசேஷங்கள் எழுதப்பட்டது கிரேக்கம். மொழிபெயர்ப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. அதனால்தான் 1714–15இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடும், 1759இல் கொழும்பில் பிலிப்பு தெ மெல்லோ வெளியிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடும் அவர்களுக்கு 'வேதம்' தான். நமக்கோ தர்ஜமா எவ்வளவு சிறந்ததானாலும் குர்ஆன் ஆகாது. தொழுகையில் ஓதவும் முடியாது.

அஹ்மத் தீதாத் அவர்களின் விவாதங்களை நம் தலைமுறை கேஸட்டில் கேட்டு வளர்ந்தது. பைபிளுக்குள் இறைவனின் சொல், நபியின் சொல், வரலாற்றாசிரியனின் சொல் என்று மூன்றும் கலந்திருக்கின்றன என்பது அவருடைய பிரபலமான வாதம். கேட்கும்போது எதிரிக்குப் பதிலே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் படித்த கத்தோலிக்கக் குருவோ மெதடிஸ்த போதகரோ அதைக் கேட்டுத் தடுமாறுவதில்லை. "ஓம், மனிதர் எழுதியதுதான், பரிசுத்த ஆவியின் ஏவுதலால் எழுதியது" என்பார்கள். நம் கண்ணோட்டத்தில் பார்த்தால் சுவிசேஷங்களுக்குக் கிட்டிய உறவு குர்ஆன் அல்ல. ஸீறா நூல்களும் ஹதீஸ் தொகுப்புகளும்தான். அப்படி வைத்துக்கொண்டால் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது: இஸ்னாத் எங்கே, அறிவிப்பாளர் யார், நம்பகமானவரா? இது முன்னதைவிடக் கூர்மையான கேள்வி என்பேன். கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களே இருநூறு வருடத்துக்கு மேலாக இதில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

எல்லாக் கிறிஸ்தவரும் ஒரேமாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. பைபிளின் மூலப்பிரதியில் எந்த ஒரு விஷயத்திலும் பிழையே இல்லை என்று 1978இல் சிக்காகோவில் ஓர் அறிக்கை வெளியிட்ட புரட்டஸ்தாந்துப் பிரிவினர் இருக்கிறார்கள். சுவிசேஷப் பிரசார சபைகள் பலவற்றின் நிலைப்பாடு அதற்குக் கிட்டியது. தீதாத்தின் வாதம் இவர்களைத் தாக்கும் அளவுக்குக் கத்தோலிக்கரைத் தாக்காது.

நூலும் ஆளும் தவிர இன்னொரு வழியும் உண்டு: படைப்பு. சங்கீதம் 19ஆம் அதிகாரம் வானங்கள் இறைவனின் மகிமையை அறிவிப்பதாகக் கூறுகிறது. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அத்தியாயம், காணப்படாத இறைவனைப் படைப்பின் மூலம் காணலாம் என்கிறது. ஆலஇம்றான் 190ஐ ஓதி வானம் பூமியின் ஆயத்துகளைச் சிந்திப்பவருக்கும், ஃபித்ராவைப் பற்றிப் படித்தவருக்கும் இதில் அந்நியம் ஏதுமில்லை. முதலாம் வத்திக்கான் சங்கம் 1870இல், மனித அறிவின் வெளிச்சத்தால் படைப்பிலிருந்தே இறைவன் உண்டு என்பதை உறுதியாக அறியலாம் என்று பிரகடனம் செய்தது.

ஆனால் இதற்கு 'இல்லை' என்று சொன்ன ஒரு பெரிய கிறிஸ்தவர் இருந்தார். சுவிட்சர்லாந்தின் கார்ல் பார்த். 1934இல் சக இறையியலாளர் எமில் புருன்னருக்கு அவர் எழுதிய மறுப்பின் தலைப்பே 'இல்லை!' என்பதுதான். ஏன் அவ்வளவு கோபம்? காலத்தைப் பாருங்கள். ஜேர்மனியில் ஹிட்லர் வந்து ஒரு வருடம். ஜேர்மன் இனத்திலும் மண்ணிலும் இரத்தத்திலும் இறைவன் வெளிப்படுகிறான் என்று பாதிரிமார் சிலரே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். இயற்கையிலும் வரலாற்றிலும் இறைவனைக் காணலாம் என்று கதவைத் திறந்தால் இனவெறியும் அதே கதவால் நுழைந்துவிடும் என்று பார்த் கண்டார். அதே ஆண்டு மே மாதம் பார்மன் நகரில் வெளியிடப்பட்ட பிரகடனத்தின் பெரும்பகுதியை எழுதியவரும் அவரே. முப்பது வருட யுத்தத்தைப் பார்த்த இந்த நாட்டில், ஒவ்வொரு இனமும் தன் மண்ணைப் புனிதமாக்கிக்கொண்டதைப் பார்த்த நமக்கு, பார்த்தின் பயம் விளங்காமல் போகாது.

அவரோடு நேருக்கு நேர் பேசிய ஒரு தமிழர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் 1908இல் பிறந்து, பின்னாளில் இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைவராக இருந்த டி.ரி. நைல்ஸ். கல்முனையில் உவெஸ்லி பாடசாலையை நமக்கு அறிமுகப்படுத்திய அதே திருச்சபை. 1935இல் இளைஞரான நைல்ஸ் பார்த்தைச் சந்தித்தபோது, மற்ற மதங்கள் வெறும் அவநம்பிக்கைதான் என்று பார்த் சொன்னாராம். நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையுமில்லை. அப்படியானால் இந்து சமயம் அவநம்பிக்கை என்று எப்படித் தெரியும்? பார்க்க முன்னமே முடிவு செய்த விஷயம் அது என்பதே பதில். நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டதாகத் தாமே பின்னர் எழுதியிருக்கிறார். 'இந்து' என்ற இடத்தில் 'முஸ்லிம்' என்று போட்டாலும் உரையாடல் மாறியிருக்காது.

1938 டிசம்பரில் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது இதே சண்டை பெரிதாக வெடித்தது. இந்தோனேசியாவில் பணியாற்றிய டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், பார்த்தின் வழியில் நின்று, கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் இடையில் தொடர்ச்சி இல்லை என்றார். சென்னையின் பி. செஞ்சையா, வி. சக்கரை போன்ற இந்தியக் கிறிஸ்தவர்கள் அதை மறுத்துத் தனி நூலே வெளியிட்டார்கள். நைல்ஸ் தமக்கென ஒரு நடுவழியைக் கண்டார்: மிஷனரி ஓர் ஊருக்குக் கிறிஸ்துவைச் சுமந்து செல்வதில்லை, அவன் போகுமுன்னரே கிறிஸ்து அங்கே இருக்கிறார் என்று. கேட்க இதமானது. ஆனால் உன்னிடம் உள்ள நல்லதெல்லாம் உனக்குத் தெரியாமலே எங்களுடையது என்று சொல்வதும் அதில் அடங்கியிருக்கிறது. எல்லாக் குழந்தையும் ஃபித்ராவில் பிறக்கிறது என்று நாம் சொல்லும்போது கிறிஸ்தவரும் அப்படித்தான் உணர்வார் என்பதையும் மறக்கக் கூடாது.

படைப்பு பேசுகிறது என்றால் கடல் என்ன பேசியது? 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள். மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது வரை யாருக்கு யாரை ஆறுதல் சொல்லத் தெரிந்தது? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பாவத்தின் தண்டனை என்று மிம்பர்களிலும் சொன்னார்கள், தேவாலயங்களிலும் சொன்னார்கள். லூக்கா 13இல் இதற்கு நேரான ஓர் இடம் உண்டு: கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசு சொல்வதாக. நம்மிடம் நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. ஒரு பேரழிவிலிருந்து இறந்தவனின் அமலை வாசிக்க முடியாது என்பதில் இரண்டு மரபும் நமது பேச்சாளர்கள் பலரைவிட நிதானமாகவே இருந்திருக்கின்றன.

நமக்கு மிகவும் நெருடுவது இன்னொன்று. புதிய சபைகளில் சாதாரண மனிதர், "நேற்று ராத்திரி கர்த்தர் என்னோட பேசினார்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். நம் காதுக்கு அது நுபுவ்வத்தை வாதிடுவது போலக் கேட்கும். அவர்கள் சொல்வது அதுவல்ல. பரிசுத்த ஆவி விசுவாசியின் உள்ளத்தில் உணர்த்துவதை அப்படிச் சொல்கிறார்கள். நமது சொல்லில் 'இல்ஹாம்' என்பதற்குக் கிட்ட வரும். நல்ல கனவு நுபுவ்வத்தின் 46 பங்கில் ஒன்று என்ற புகாரி ஹதீஸை நாமும் அறிவோம். வலிமாரின் கஷ்ஃப் ஷரீஅத்துக்கு ஆதாரமாகாது என்று நம் ஃபுகஹாக்கள் வரம்பு கட்டியது போலக் கத்தோலிக்கரும் கட்டியிருக்கிறார்கள். அதைத் 'தனிப்பட்ட வெளிப்பாடு' என்பார்கள். போர்த்துக்கலில் 1917இல் மூன்று சிறு பிள்ளைகளுக்கு மர்யம் (அலை) காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் சம்பவம் அதற்கு உதாரணம். திருச்சபை 1930இல் அதை நம்பத்தக்கது என்றது. ஆனால் அதை நம்பினால்தான் கத்தோலிக்கர் என்று சொல்லவில்லை. அந்தக் கிராமத்தின் பெயர் 'பாத்திமா'. போர்த்துக்கலை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் எச்சமான அறபுப் பெயர். கல்முனை கார்மேல் பற்றிமாக் கல்லூரியின் பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து போகிறோம்; 'கார்மேல்' இல்யாஸ் (அலை) அவர்களோடு தொடர்புபடுத்தப்படும் மலை, 'பற்றிமா' நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்.

கதவு எப்போது மூடியது என்ற கேள்வியில்தான் இரண்டு வழியும் தீர்மானமாகப் பிரிகின்றன. நபி (ஸல்) அவர்கள் காத்தமுன் நபிய்யீன். அவர்களோடு வஹீ முடிந்தது. 1965 நவம்பர் 18இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வெளிப்பாடு பற்றிய ஏடும், கிறிஸ்துவின் மீள்வருகைக்கு முன் புதிய பொது வெளிப்பாடு எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிறது. நாம் மூடிய கதவை அவர்கள் ஆறு நூற்றாண்டு முந்தியே மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 28இல் வந்த பிற மதங்கள் பற்றிய அறிக்கை முஸ்லிம்களை மதிப்போடு குறிப்பிடுகிறது. மனிதரோடு பேசிய ஒரே இறைவனை வணங்குபவர்கள் என்கிறது. நல்லிணக்கக் கூட்டங்களில் அதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. கவனமாக வாசித்தால், அதில் குர்ஆன் என்ற சொல்லும் இல்லை, முஹம்மத் (ஸல்) என்ற பெயரும் இல்லை. பேசினான் என்று சொல்லி, யாரிடம், எந்த நூலில் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அது அவர்களது நம்பிக்கையின் எல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தவ்றாத்தையும் இன்ஜீலையும் ஏற்கும் நாமும் இன்று அவர்கள் கையில் இருப்பதை அப்படியே ஏற்பதில்லையே.

"நாலு ஏன்?" என்று கேட்ட பிள்ளைக்கு அடுத்த கேள்வியையும் சொல்லிக் கொடுக்கலாம். நாலு சாட்சியும் பல இடத்தில் வேறுபட்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: இயேசு சிலுவையில் இறந்தார் என்று. கிறிஸ்தவருக்கு இறைவன் தன்னை முற்றாகத் திறந்து காட்டிய இடம் அந்தச் சிலுவை. அந்நிஸா 157 அது நடக்கவேயில்லை என்கிறது. கல்முனையில் ஒரு முஸ்லிமும் ஒரு வேதக்காரரும் உட்கார்ந்து உண்மையாகப் பேச வேண்டிய இடம் அந்த வசனம்தான். பைபிளில் எத்தனை பிரதி வேறுபாடு என்ற கணக்கு அல்ல.